அமாலாவை மெல்லாதீர்கள்: யொருபா சாப்பாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

முதலில் ஒரு கிழங்குக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தென்மேற்கு நைஜீரியாவில் எந்தச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் யாம் என்ற சொல் வரும். நம் அகராதிகளைப் புரட்டினால் சேனை, கருணை என்று போட்டிருக்கும். அதை நம்பித்தான் நான் இபாதானில் பொடிஜா சந்தைக்குப் போனேன். அங்கே தரையில் அடுக்கியிருந்தது என் முழங்கை நீளத்துக்கு, விறகுக்கட்டை மாதிரி ஒரு கிழங்கு. சேனைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது வள்ளிக்கிழங்கு இனம். யாழ்ப்பாணத்தில் ராசவள்ளிக்கிழங்கைக் காய்ச்சுகிறார்களே, அதன் நெருங்கிய சொந்தம். அந்தப் பகுதி மக்களின் மொழியான யொருபாவில் இஷு என்பார்கள். உலகத்தில் விளையும் யாமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவில் விளைகிறது. இந்தக் கிழங்கோடு சமாதானம் ஆகாமல் அந்த ஊர்ச் சாப்பாட்டுக்குள் நுழைய முடியாது.

வேலைக்கோ படிப்புக்கோ லாகோஸ், இபாதான் பக்கம் போகிறவர்கள், யொருபா நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள், இருந்த இடத்திலிருந்தே சமைத்துப் பார்க்க நினைப்பவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன்.

ஊரைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்

யொருபா மக்கள் வாழும் நிலம் பெரியது. நைஜீரியாவில் லாகோஸ், ஓகுன், ஓயோ, ஓசுன், ஓண்டோ, எகிட்டி என ஆறு மாநிலங்கள், குவாராவிலும் கோகியிலும் ஒரு பகுதி, எல்லை தாண்டினால் பெனின், டோகோ. தெற்கே கடலும் கழிமுகமும், நடுவில் மழைக்காடு, வடக்கே போகப் போகப் புல்வெளி. நிலம் மாறும்போது தட்டும் மாறுகிறது. வெயில் அதிகமுள்ள ஓயோ பக்கத்தில் யாமைக் காயவைத்து மாவாக்கி வைத்துக்கொண்டார்கள். எகிட்டியில் பச்சைக் கிழங்கை வேகவைத்து உரலில் இடித்தார்கள். இஜெபுவில் தண்ணீர்ச்சத்துள்ள யாமைத் துருவிக் குழம்பில் போட்டார்கள். அபெயோகுட்டாவின் எக்பா மக்கள் மரவள்ளி மாவைப் பிடித்துக்கொண்டார்கள். 'யொருபா சாப்பாடு ஒன்று கொடுங்கள்' என்று கேட்பது, மதுரையில் போய் 'தமிழ்ச் சாப்பாடு ஒன்று' என்று கேட்கிற மாதிரி. எந்த ஊர்க்காரர் சமைத்தது என்று கேளுங்கள். கேட்டாலே பாதி மரியாதை கிடைத்துவிடும்.

யொருபாவில் ஒரு பழமொழி உண்டு. 'இயான்தான் சாப்பாடு, ஒக்கா மருந்து, எதுவுமே கிடைக்காத நாளில் எக்கோ, வாய் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் குகுரு.' இயான் என்பது இடித்த யாம். ஒக்கா என்பது அமாலாவுக்கு, அதாவது யாம் மாவில் கிளறிய களிக்கு, இன்னொரு பெயர். எக்கோ என்பது மக்காச்சோளக் கூழை இறுகவைத்த கட்டி. குகுரு பொரிசோளம். ஒரே வரியில் மெனு, அதுவும் தரவரிசையோடு. (இபாதான்காரர்கள் இந்த வரிசையை ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.)

புதியவருக்கு என் யோசனை, இந்தப் பழமொழியைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். நேரே இயானில் கைவைத்து, 'இது என்ன, ருசியே இல்லையே' என்று முகம் சுளித்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். படியேறி வந்தால் அந்தப் பிரச்சினை வராது.

படி 1: குகுரு

சாலையோரத்தில் பொரிசோளத்தையும் வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்து விற்பார்கள். குகுரு, எப்பா. வாங்கிக் கொறியுங்கள். இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. விற்கிறவரிடம் இரண்டு யொருபாச் சொற்களைப் பழகிக்கொள்ளத்தான் இந்தப் படி. வேலை செய்துகொண்டிருக்கிற யாரைப் பார்த்தாலும் 'எ கூ இஷே' என்று சொல்லலாம். உழைக்கிறவருக்கு வணக்கம் என்ற மாதிரி ஒரு பேச்சு. விலை கேட்க 'எலோ நி?'. நன்றிக்கு 'எ ஷே'. முன்னால் வருகிற அந்த 'எ' நம் 'நீங்கள்' போல, மரியாதைப் பன்மை. பெரியவர்களிடம் அதை விட்டுவிட்டுப் பேசினால், நம் ஊரில் தாத்தாவை 'நீ' என்று அழைத்த கதைதான்.

படி 2: அக்கராவும் ஓகியும்

காலையில் எழுந்ததும் புகை வருகிற திசையில் நடந்தால் அக்கரா சுடுகிற அம்மா ஒருவர் இருப்பார். அக்கரா என்றால் காராமணி வடை. தட்டப்பயறு, கௌபி என்று நீங்கள் எந்தப் பெயரில் சொன்னாலும் அதே பயறுதான். உளுந்து, கடலைப்பருப்பு எதுவும் கிடையாது. வெறும் காராமணி, வெங்காயம், மிளகாய், உப்பு. அதைத் தொட்டுக்கொள்ள, அல்லது குடிக்க, ஓகி. மக்காச்சோளத்தை ஊறவைத்துப் புளிக்கவிட்டு அரைத்து வடிகட்டிக் காய்ச்சும் கூழ். அதே கூழ் இலையில் மடித்து ஆறவைத்தால் எக்கோ.

நம் நாக்குக்கு இதுதான் மிகச் சுலபமான வாசல். அட்லாண்டிக் தாண்டி அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட யொருபா மக்களோடு இந்த வடையும் பிரேசிலுக்குப் போனது. அங்கே பாஹியாவில் இன்றும் அக்கராஜே என்ற பெயரில் தெருவில் சுட்டு விற்கிறார்கள்.

வீட்டில் செய்ய:

2 டம்ளர் காராமணியைத் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் மட்டும் ஊறவையுங்கள். அதற்கு மேல் போனால் தோல் பருப்போடு ஒட்டிக்கொள்ளும் என்று எதிர் வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்தார். அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்று மிதக்கும். தண்ணீரோடு சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான். நான் முதல் தடவை 'தோலில்தானே சத்து' என்று அப்படியே அரைத்தேன். வந்தது பழுப்பு நிறத்தில் கல்லு மாதிரி ஒரு பதார்த்தம். அந்த அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, தட்டை மரியாதையாக என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தோல் நீக்கிய பருப்பை இன்னும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, முடிந்தவரை தண்ணீர் குறைத்து, வெண்ணெய் போல அரையுங்கள். பாதி வெங்காயத்தையும் ஒரு மிளகாயையும் அரைக்கும்போதே போட்டுவிடலாம். மீதி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக் கலக்கலாம். இனி முக்கியமான காரியம், அடிப்பது. மாவைக் கையாலோ மரக்கரண்டியாலோ ஐந்து பத்து நிமிடம் ஒரே பக்கமாக அடித்தால் காற்று ஏறி வெளுத்துப் பொங்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். உளுந்து வடைக்குப் பார்க்கிற அதே சோதனை. உப்பைச் சுடுவதற்குச் சற்று முன் போடுங்கள். முதலிலேயே போட்டால் மாவு நீர்த்துவிடும். கரண்டியால் அள்ளிச் சூடான எண்ணெயில் விட வேண்டும், தட்ட வேண்டாம், ஓட்டையும் வேண்டாம்.

இதே மாவில் குடைமிளகாய், எண்ணெய், மீன், அவித்த முட்டை சேர்த்து, இலையைக் கூம்பாக மடித்து ஊற்றி ஆவியில் 45 நிமிடத்துக்கு மேல் வேகவைத்தால் மொய்ன்-மொய்ன். உள்ளே போடுகிற சமாசாரங்கள் கூடிப்போனால் 'எலெமீ மெஜே' என்பார்கள், ஏழு உயிர் உள்ளது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பையிலும் டின்னிலும் ஊற்றி விற்கிறார்கள். கிடைத்தால் இலையில் வெந்ததையே வாங்குங்கள், அந்த வாசனை வேறு எதிலும் வராது.

படி 3: ஒக்கா, அதாவது அமாலா

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். அமாலா பார்க்க அழகாக இருக்காது. கரும்பழுப்பு நிறம், மினுமினுப்பு, மெத்தென்ற உருண்டை. யாமைத் தோல் சீவி, வெந்நீரில் போட்டு ஊறவைத்து, வெயிலில் நாள் கணக்காகக் காயவைத்து அரைத்த மாவுக்கு எலுபோ என்று பெயர். மாவு வெளிறித்தான் இருக்கும். கொதிநீரில் கிளறியதும் கறுத்துவிடும். நறுக்கிய கத்தரிக்காய் கறுக்கிறதே, அந்த மாதிரி வேதிவேலைதான் காரணம். தீய்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் படி சுலபம். ராகிக்களி தின்கிற முறைதான் அப்படியே. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மெல்லக் கூடாது. அமாலாவையும் இயானையும், மரவள்ளி ரவையில் கிளறும் எபாவையும் சேர்த்து ஒக்கெலெ என்பார்கள், விழுங்கும் கவளம் என்று அர்த்தம். ருசி குழம்பில் இருக்கிறது, களியின் வேலை அதைத் தொண்டைக்குள் ஏற்றிக்கொண்டு போவது. நான் முதல் நாள் மென்றேன். மெல்ல மெல்லப் பல்லில் அப்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே வளர்வது போல இருந்தது. பக்கத்து மேசைப் பையன்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

கடையில் நடப்பது இப்படி. சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் புக்கா என்று பெயர். வரிசையில் நிற்க வேண்டும். பரிமாறுகிற அம்மா முன்னால் மூடிய பெரிய பாத்திரத்தில் அமாலா, பக்கத்தில் மூன்று குழம்புகள். மஞ்சளாக இருப்பது க்பெகிரி, காராமணிப் பருப்புக் கடைசல். (க, ப இரண்டையும் ஒரே நொடியில் சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் பரவாயில்லை, 'பெகிரி' என்றாலும் புரிந்துகொள்வார்கள்.) பச்சையாகக் கொழகொழவென்று இருப்பது எவெடு. சிவப்பாக இருப்பது ஒபே அட்டா, மிளகாய்க் குழம்பு. மூன்றையும் ஒரே தட்டில் ஊற்றினால் அபுலா. இபாதானிலும் ஓயோவிலும் அமாலா என்றால் அபுலாவோடு என்று எழுதாமலே புரிந்துகொள்ளப்படும்.

எத்தனை உருண்டை, எத்தனை கறித்துண்டு, என்ன கறி என்று கேட்பார்கள். முதல் நாள் இரண்டு உருண்டை போதும். கறியில் ஷாக்கி என்றால் மாட்டின் இரைப்பை, பொன்மோ என்றால் மாட்டுத்தோல், ஒகுன்ஃபே ஆட்டுக்கறி, எஜா மீன். பின்னால் நிற்கிறவர்களுக்குப் பசி, உங்கள் யோசனைக்கு நேரம் தர மாட்டார்கள். அதனால் வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் கை கழுவத் தண்ணீர் வரும். வலது கையால்தான் சாப்பிட வேண்டும், இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஓரத்தில் நெல்லிக்காய் அளவு கிள்ளி, விரல்களால் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, அந்தக் குழியில் குழம்பை அள்ளுங்கள். எவெடு நூலாக இழுக்கும். கையை ஒரு சுழற்று சுழற்றினால் நூல் அறுந்துவிடும், அதைப் பக்கத்தில் சாப்பிடுகிறவரைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். அப்புறம் வாயில் போட்டு, நாக்கால் மேலண்ணத்தில் ஒரு அழுத்து, விழுங்கு. கறியை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வது ஊர் வழக்கம். நான் அவசரப்பட்டு முதலிலேயே தின்றுவிடுவேன்.

வீட்டில் அபுலா

பொருள்களில் இரண்டைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று இரூ. ஆப்பிரிக்கக் காட்டுமரம் ஒன்றின் கொட்டையை வேகவைத்துப் புளிக்கவைத்தது. டப்பாவைத் திறந்ததும் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், அப்படி ஒரு நாற்றம். கருவாடு பழகிய மூக்குக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது. குழம்பில் விழுந்ததும் நாற்றம் மறைந்து, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்று தோன்றுகிற ஒரு ருசியாகிவிடும். இதை விட்டுவிட்டு யொருபாக் குழம்பு வைப்பது, பெருங்காயமும் புளியும் இல்லாமல் சாம்பார் வைப்பது போல.

இன்னொன்று அட்டா ரோடோ. சின்னக் குடைமிளகாயை உட்காரவைத்து நசுக்கியது போன்ற உருண்டை மிளகாய். ஆந்திரக் காரம் தின்றவன் என்ற மிதப்பில் நான் 4 போட்டேன். ஒன்று போதும், அதிலும் முதல் தடவை பாதி. நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள், சோப்பு போட்டுக் கழுவினாலும் ஒரு மணி நேரம் எரியும். காரமில்லாத நிறத்துக்கு டட்டாஷே என்ற சிவப்புக் குடைமிளகாய், நடுத்தரக் காரத்துக்கு ஷொம்போ என்ற நீள மிளகாய். இந்த மூன்றும் தக்காளியும் வெங்காயமும் சேர்ந்ததுதான் யொருபாச் சமையலறையின் அடித்தளம்.

க்பெகிரி: ஒரு டம்ளர் காராமணியை மேலே சொன்ன மாதிரி தோல் நீக்கி, வெங்காயம் போட்டு நன்றாகக் குழைய வேகவையுங்கள். குக்கரில் ஐந்தாறு விசில். மத்தால் கடைந்து ஒரு வடிகட்டியில் தேய்த்து இறக்கினால் வழவழப்பு வரும். அரை மிளகாய், ஒரு தேக்கரண்டி இரூ, உப்பு, 2 மேசைக்கரண்டி சிவப்புப் பனையெண்ணெய் சேர்த்து 10 நிமிடம் சிறுதீயில் கொதிக்கட்டும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் இருந்தால் பதம் சரி.

எவெடு: இது சணல் செடியின் இளங்கீரை. வளைகுடாவில் இருக்கிறவர்கள் முலூக்கியா என்ற பெயரில் உறைந்த பாக்கெட்டாகப் பார்த்திருப்பார்கள், அதேதான். காம்பு நீக்கிய இலை இரண்டு கை அளவு, ஒரு டம்ளருக்கும் குறைவான கொதிநீரில். காவுன் என்ற உவர்க்கல் ஒரு சிட்டிகை போடுவார்கள். கிடைக்காவிட்டால் சமையல் சோடா, அதுவும் ஒரு சிட்டிகைதான். மூடி போடக் கூடாது, பச்சை நிறம் செத்துவிடும். ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். இதைக் கடைய இஜாபே என்று ஒரு குட்டித் துடைப்பம் வைத்திருப்பார்கள். சமையலுக்கென்றே கட்டிய கட்டு அது, வாசல் பெருக்குவது கிடையாது. பாத்திரத்துக்குள் அதை விட்டுக் குத்தக் குத்த இலை மசிந்து கொழகொழப்பு எழும். இஜாபே இல்லாதவர்கள் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடலாம். இரண்டாவது சுற்று விட்டால் நுரைத்துப்போகும். இரூவும் உப்பும் போட்டு இறக்குங்கள்.

ஒபே அட்டா: 3 டட்டாஷே, 2 தக்காளி, 1 வெங்காயம், அரை அட்டா ரோடோ. அரைத்து, முதலில் வெறுமனே கொதிக்கவிட்டுத் தண்ணீரை வற்றவையுங்கள். அப்புறம் எண்ணெய் ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிற வரை வதக்க வேண்டும். கறி வேகவைத்த தண்ணீரும் கறியும் கடைசியில். தண்ணீர் வற்றுவதற்கு முன் எண்ணெய் ஊற்றினால் பச்சை வாடை போகவே போகாது.

அமாலா: 3 டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். தீயைக் குறைத்து, ஒன்றரை டம்ளர் எலுபோவைக் கொட்டி, உடனே மரத்துடுப்பால் பாத்திரத்தின் பக்கத்தில் அழுத்தி அழுத்திக் கிளறுங்கள். கட்டி தட்டினால் அழுத்தித்தான் உடைக்க வேண்டும், சுற்றினால் உடையாது. இறுகலாக இருந்தால் கொஞ்சம் வெந்நீர், தளர்ந்தால் கொஞ்சம் மாவு. ஓரத்தில் சிறிது தண்ணீர் தெளித்து மூடி இரண்டு மூன்று நிமிடம் புழுங்கவிட்டு மறுபடியும் ஒரு கிளறு. எலுபோ வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வண்டு விழுகிற மாவு இது, சலித்துத்தான் போட வேண்டும். சந்தையில் கொங்கோ, டெரிக்கா என்ற அளவுகளில் தருவார்கள். டெரிக்கா என்பது தக்காளி விழுது வந்த பழைய டின்னின் பெயர், நம் ஆழாக்கு மாதிரி அளவாகவே நிலைத்துவிட்டது.

எக்பாக்காரர்கள் வீட்டில் அமாலா கேட்டால் வெள்ளையாக வரலாம். அது லஃபுன், புளிக்கவைத்துக் காயவைத்த மரவள்ளி மாவில் கிளறியது. பச்சை மரவள்ளியை நீங்களே காயவைத்து அரைத்துப் பார்க்காதீர்கள். கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு, அதைப் போக்குவது அந்தப் புளிப்புதான்.

ஒரு கிளைக்கதை. ஓயோ மாநிலத்தில் இக்போ-ஓரா என்ற ஊரில் இரட்டைக் குழந்தைகள் அசாதாரணமாக அதிகம். காரணம் கேட்டால் ஊர்க்காரர்கள் அமாலாவையும் இலாசா என்ற வெண்டை இலைக் குழம்பையும் காட்டுவார்கள். விஞ்ஞானம் இதை உறுதி செய்யவில்லை. ஆனாலும் புதிதாகக் கல்யாணமானவர்கள் அந்த ஊரில் என்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளலாம்.

படி 4: இயான்

அமாலா தொண்டையில் தடையில்லாமல் இறங்க ஆரம்பித்துவிட்டால் இயானுக்குத் தகுதி வந்துவிட்டது. இதற்கு எகிட்டி, இஜெஷா, ஓண்டோ பக்கம் போக வேண்டும். வெள்ளை யாமை வேகவைத்து, சூடாகவே மர உரலில் போட்டு இடிப்பார்கள். உரலுக்கு ஒடோ, உலக்கைக்கு ஒமோ ஒடோ, அதாவது உரலின் குழந்தை. இதைக் கேட்டதும் எனக்கு நம் ஆட்டுக்கல் ஞாபகம் வந்தது. அதன் நடுவில் சுழல்கிற கல்லை நாமும் குழவி என்றுதானே சொல்கிறோம்? குழந்தை என்ற அர்த்தமுள்ள அதே சொல்.

நல்ல இயானில் ஒரு கட்டிகூட இருக்கக் கூடாது. இழுத்தால் நீள வேண்டும். ஆகஸ்ட் வாக்கில் சந்தைக்கு வரும் புதுக் கிழங்கில் ஈரம் அதிகம், இடித்தால் சரியாகத் திரளாது. வைத்திருந்த பழைய கிழங்கைத்தான் தேடுவார்கள். மிக்ஸியில் அரைத்தோ பாக்கெட் மாவிலோ செய்கிற குறுக்குவழிகள் உண்டு. செய்து பார்த்துவிட்டேன். பசை.

உரலிலிருந்து எடுத்த இயான் மேலே ஆறினாலும் உள்ளே கொதிக்கும். 'இருபது வருடத்து இயானும் கையைச் சுடும்' என்று பழமொழியே இருக்கிறது. அவர்கள் அதைப் பழைய கணக்குகளைப் பற்றிச் சொல்வார்கள். நீங்கள் விரலைப் பற்றிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு எஃபோ ரிரோ, அதாவது கிளறிய கீரை. தெத்தே என்பது நம் தண்டுக்கீரை இனம். ஷொக்கோ என்பது பண்ணைக்கீரை, அதன் முழுப்பெயருக்குப் புருஷனைக் கொழுக்கவைப்பது என்று வேடிக்கையாகப் பொருள் சொல்வார்கள். கீரையை வெந்நீரில் காட்டி, ஆறியதும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்துவிடுங்கள். மொத்த வித்தையும் அந்தப் பிழிதலில்தான். பிழியாமல் போட்டால் எஃபோ ரிரோ கீரை ரசமாகிவிடும். மிளகாய் விழுது பனையெண்ணெயில் நன்றாகச் சுண்டியபின் இரூ, உலர்மீன், இறால் பொடி, கடைசியில் கீரை. ஐந்து நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வேண்டாம்.

பழமொழியில் இல்லாதவை

இஜெபுக்காரர்கள் இந்தப் பழமொழியைக் கேட்டால் 'எங்கள் இக்கொக்கொரே எங்கே?' என்பார்கள். எவுரா என்ற நீர் யாமைத் துருவிச் செய்வது. இந்த எவுராவும் ராசவள்ளியும் தாவரவியலில் ஒரே இனம், ஆகவே யாழ்ப்பாணத்தவர்கள் கிழங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. துருவும்போது கை அரிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மிளகாய் விழுது, பனையெண்ணெய், புகைமீன், இறால் பொடி எல்லாம் கொதிக்கிற குழம்பில் துருவலைச் சின்னச் சின்ன உருண்டைகளாக விட்டு, மூடிவிட்டு, கரண்டியை எடுத்துத் தூர வையுங்கள். உடனே கிளறினால் கூழ். கால் மணி நேரம் கழித்து மெதுவாக ஒரு தடவை புரட்டினால் பாதி கரைந்து பாதி உருண்டையாக நிற்கும், அதுதான் வேண்டும். ஹஜ் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் இஜெபு-ஓடேயில் ஓஜுடே ஒபா விழா நடக்கும். அந்தச் சமயத்தில் ஊரில் இருந்தால் வீட்டுச் சமையலாகவே சாப்பிடக் கிடைக்கலாம்.

இஜெபுவின் இன்னொரு சொத்து காரி. மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்துப் பிழிந்து வறுத்த ரவை. இஜெபுக் காரி பொடியாக, நல்ல புளிப்பாக இருக்கும். கொதிநீரில் கிளறினால் எபா. வெயில் நேரத்தில் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சர்க்கரையும் வேர்க்கடலையும் சேர்த்துக் குடிப்பார்கள். மாசக் கடைசியில் மாணவர்களின் உயிர் இதில்தான் ஓடுகிறது.

ஒஃபாடா அரிசி ஓகுன் மாநிலத்தில் அதே பெயருள்ள ஊரிலிருந்து பெயர் பெற்றது. தீட்டாத குட்டை அரிசி, வேகும்போது ஒரு புளித்த வாசனை. கல் பொறுக்கி, பலமுறை கழுவ வேண்டும். இலையில் மடித்துத் தருவார்கள். கூடவே அயமாஷே, பச்சை மிளகாய்களில் செய்கிற கறுத்த குழம்பு. இதற்குப் பனையெண்ணெயைச் சிவப்பு நிறம் போகிற வரை காய்ச்ச வேண்டும். கவனம்: மூடிய பாத்திரத்தில் நடுத்தரத் தீயில் காய்ச்சி, அடுப்பை அணைத்து, நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். நான் ஆவலில் பாதியில் திறந்தேன். புகை, இருமல், மாடிப்படியில் ஓடிவருகிற காலடிச் சத்தம், எல்லாம் ஒன்றாக வந்தன. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

லாகோஸில் எவா அகன்யின் தவறவிடக் கூடாதது. குழைய வேகவைத்து மசித்த காராமணி, மேலே வற்றல்மிளகாயையும் வெங்காயத்தையும் எண்ணெயில் கறுக்கும் வரை வதக்கிய காரச் சாந்து, தொட்டுக்கொள்ள அகேகே ரொட்டி. பெனின், டோகோ பக்கத்திலிருந்து வந்த பெண்கள் தலைச்சுமையாக விற்று ஊருக்கே பழக்கிவிட்டார்கள். பிரேசிலிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்த குடும்பங்கள் லாகோஸ் தீவில் பெரிய வெள்ளியன்று ஃப்ரெஜொன் செய்வார்கள், பயறு, தேங்காய்ப்பாலில், இனிப்பாக, மீன் குழம்போடு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் விசாரிக்காமல் சாப்பிட முடியாது. 'மி ஓ ஜெ எரன்' என்றால் கறி சாப்பிட மாட்டேன். 'மி ஓ ஜெ எஜா' என்றால் மீன் சாப்பிட மாட்டேன். இரண்டும் சொன்ன பிறகும் எடே என்ற இறால் பொடி குழம்பில் இருக்கும். அதைக் கறியாகவும் மீனாகவும் யாரும் கணக்கில் வைப்பதில்லை, உப்பு மாதிரிதான். தனியாகக் கேளுங்கள். அக்கரா, ஓகி, எக்கோ, பொரித்த வாழைப்பழமான டோடோ, சுட்ட வாழைக்காயான போலி, வேகவைத்த யாம் இவை பெரும்பாலும் பயமில்லாதவை. மொய்ன்-மொய்னை நம்ப வேண்டாம். க்பெகிரி, எவெடு, எஃபோ ரிரோ மூன்றும் வீட்டில் வைத்தால் இரூவே போதும், கறியோ மீனோ இல்லாத குறை தெரியாது.

கடைசியாக ஒரு சங்கடம். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் போனால், 'எ வா ஜெஉன்' என்று கூப்பிடுவார்கள். நம் 'வாங்க, சாப்பிடலாம்' என்பதேதான், அதே தொனி, அதே கையசைப்பு. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். சிரித்து நன்றி சொல்லிவிட்டு நகரலாம். இரண்டாவது தடவை கூப்பிட்டு, காலால் ஒரு முக்காலியையும் நகர்த்திப் போட்டுவிட்டால் மட்டும் பேசாமல் உட்கார்ந்துவிடுங்கள். கை கழுவத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.